வாடிக்கையாளரும் வாக்காளரும்: ஃபுமிகோ ஹயாஷியின் யோக்கோஹாமா

2010 ஏப்ரல் 1. யோக்கோஹாமா நகரில், பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கு விண்ணப்பித்தும் இடம் கிடைக்காமல் 1,552 குழந்தைகள் காத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஜப்பானின் எந்த நகரத்திலும் இவ்வளவு பெரிய எண்ணிக்கை இல்லை. மேயராக இருந்தவர் அரசியலுக்கு வந்து ஏழு மாதமே ஆன ஃபுமிகோ ஹயாஷி. அதற்கு முன் அவருக்குத் தெரிந்த தொழில் கார் விற்பது. மூன்றே ஆண்டில், 2013 ஏப்ரல் 1 அன்று, அந்த எண் சுழியமானது. இன்னும் எட்டு ஆண்டு கழித்து அதே நகர மக்கள் அவரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த வெற்றிக்கும் இந்தத் தோல்விக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தேவையைப் பொறுமையாகக் கேட்டு, அவருக்குப் பொருந்துவதைத் தேடித் தருவது ஹயாஷியின் கலை. ஒவ்வொரு வீடாகப் பிரித்துத் தீர்க்கக்கூடிய சிக்கலில் அந்தக் கலை அற்புதமாக வேலை செய்தது. ஊரையே ஒரே கேள்வியோடு சந்திக்க வேண்டி வந்தபோது அது உதவவில்லை. (இதே பெயரில் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஒருவரும் ஜப்பானில் இருந்தார். இணையத்தில் தேடுகிறவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஹயாஷி 1946-இல் டோக்கியோவில் பிறந்தவர். பல்கலைக்கழகம் போகவில்லை. 1965-இல் உயர்நிலைப் பள்ளியை முடித்ததும் இன்று டோரே என்று அறியப்படும் நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்து மட்சுஷிதா மின்சாதன நிறுவனம். அன்றைய அலுவலகங்களில் பெண் ஊழியர் என்றால் தேநீர் தருவது, படியெடுப்பது, திருமணமானதும் விலகிக்கொள்வது என்பதுதான் எழுதாத சட்டம். சில நிறுவனங்களில் அது எழுதிய சட்டமாகவே இருந்தது. திருமணமானால் வேலையை விட வேண்டும் என்ற விதி செல்லாது என்று சுமிதோமோ சிமென்ட் வழக்கில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1966 டிசம்பரில்தான் தீர்ப்பளித்தது. ஆணுக்கு ஒரு ஓய்வு வயது, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த ஒரு வயது என்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1981 ஆனது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு நிஸான். பின்னாளில் அதே நிஸானின் டோக்கியோ விற்பனை நிறுவனத்துக்குத்தான் ஹயாஷி தலைவரானார். சம வேலைவாய்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1986-இல். அதற்கும் ஒன்பது ஆண்டு முன்பே, 1977-இல், 31 வயதில், ஹோண்டா டீலர் ஒன்றில் விற்பனையாளராக அவர் சேர்ந்துவிட்டார்.

அந்தக் காலத்து ஜப்பானில் கார் விற்பனை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும். வாங்குபவர் ஷோரூமுக்கு வரும்வரை காத்திருக்கும் வேலை அல்ல அது. விற்பனையாளர் தெருத் தெருவாக, வீடு வீடாகப் போவார். ஹயாஷி நாளுக்கு 100 வீடு என்று தனக்கே கணக்கு வைத்துக்கொண்டார். போனதும் காரைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன தொல்லை, எதற்கு அலைகிறார்கள் என்று கேட்பார். கார் விற்றதோடு வேலை முடிவதும் இல்லை. பதிவு வேலை, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்பதற்கான காவல் நிலையச் சான்று, காப்பீடு, குறித்த காலத்துக்கு ஒருமுறை வரும் கட்டாயத் தகுதிச் சோதனை என எல்லாவற்றுக்கும் அந்த விற்பனையாளர்தான் வந்து நிற்பார். தகுதிச் சோதனைக்குச் செலவு அதிகம். பழைய வண்டிக்குச் செலவழிப்பதா, புதிது வாங்குவதா என்று குடும்பம் யோசிப்பது அப்போதுதான். அந்த நேரத்தில் யார் முகம் நினைவுக்கு வருகிறதோ அவருக்கே அடுத்த விற்பனை. ஆகவே வாடிக்கையாளரின் வாழ்க்கையைத் தெரிந்து வைத்திருப்பது இந்தத் தொழிலில் வெறும் நல்ல குணம் அல்ல. முதலீடே அதுதான்.

1987-இல் பி.எம்.டபிள்யூ டோக்கியோ நிறுவனத்தில் சேர்ந்தார். 1993-இல் ஷின்ஜுகு கிளைக்கு மேலாளர். 1999-இல் ஃபோக்ஸ்வேகன் விற்கும் ஃபாரென் டோக்கியோவின் தலைவர். 2003-இல் பி.எம்.டபிள்யூ டோக்கியோவுக்கே தலைவர். இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டம் இல்லாத ஒரு பெண் ஜப்பானியப் பெருநிறுவனத்தின் படிக்கட்டில் ஏறி இந்த உயரத்துக்கு வந்திருக்க முடியாது. டீலர் உலகத்தில் மாதக் கடைசியில் எத்தனை வண்டி என்பது சுவரில் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணை யாரும் மறைக்க முடியாது. வெளிநாட்டு நிறுவனங்களோ வந்தவர் எந்தப் பள்ளி, எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்த குழு என்று பார்க்கவில்லை. ஜப்பானில் பல பெண்கள் மேலே வந்த பக்கவாசல் இதுதான்.

2005-இல் டாயே பேரங்காடிக் குழுமத்தின் தலைவர் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரு காலத்தில் ஜப்பானின் சில்லறை வணிகத்தையே ஆண்ட நிறுவனம் அது. சொத்து விலை சரிவில் கடன் ஏறி, 2004 டிசம்பரில் அரசின் தொழில் மீட்பு நிறுவனத்திடம் போயிருந்தது. லாபமில்லாத கடைகள் ஐம்பதுக்கும் மேல் மூடப்பட வேண்டியிருந்தன. காய்கறிகள் வாடாமல் புதிதாக இருப்பதை முன்னே வைத்து, “சோற்றுக்குச் சுவை சேர்க்கும் அங்காடி” என்ற பொருளில் புது முழக்கத்தோடு டாயே எழ முயன்றது. மரூபெனி நிறுவனம் பெரும்பங்கை வாங்கியதும் அதன் ஆட்கள் தலைமைக்கு வந்தார்கள். 2007-இல் ஹயாஷி துணைத் தலைவரானார். டாயேயை அவர் காப்பாற்றினார் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடன்காரர்களும் முதலீட்டாளர்களும் மேசையைச் சுற்றி இருக்கும் நிறுவனத்தில் தலைவருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. ஆனால் கடை மூடுவதை ஊழியர்களிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். நகராட்சிக்கு வேண்டிய பயிற்சி அதில் கிடைத்திருக்கும்.

2009-இல் யோக்கோஹாமா மேயர் ஹிரோஷி நகாடா பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார். இடைவெளியை நிரப்ப ஜனநாயகக் கட்சி ஹயாஷியை அழைத்தது. வாக்குப்பதிவு ஆகஸ்ட் 30. நாட்டில் ஆட்சி மாறிய பொதுத்தேர்தலும் அதே நாள். 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு, நெருக்கமான போட்டியில் வென்றார். அரசாணையால் தனித் தகுதி பெற்ற பெருநகரங்களில் பெண் மேயர் என்பது சென்டாய் நகரில் ஒரு மாதம் முன்புதான் முதல்முறை நடந்திருந்தது. ஜப்பானில் ஒரு நகரத்துக்கு முதல் பெண் மேயர் வந்ததே 1991-இல், ஆஷியாவில்.

யோக்கோஹாமாவின் அளவைச் சொல்லிவிட வேண்டும். சுமார் 37 லட்சம் மக்கள். டோக்கியோ தனி நகராட்சியாகக் கணக்கில் வராது என்பதால் ஜப்பானின் மிகப் பெரிய நகராட்சி இதுதான். 18 வார்டுகள். வார்டு என்றதும் சிறு வட்டம் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றிலும் சராசரியாக இரண்டு லட்சம் பேர். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நகர மன்றத்தையும் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு தரப்பும் மக்கள் பெயரில் பேசும். இந்த ஏற்பாடு பின்னால் முக்கியமாகிறது.

இப்போது காப்பகக் கதை. உரிமம் பெற்ற காப்பகத்துக்குப் பெற்றோர் நேரடியாகப் போய்ச் சேர்த்துவிட முடியாது. வார்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரல் சேர்க்கைக்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே படிவம் கொடுத்தாக வேண்டும். யார் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்பதை வைத்துத் தரம் போடுவார்கள். இருவரும் முழுநேர வேலை என்றால் மேல்தரம். பகுதிநேர வேலைக்கு அதற்குக் கீழ். வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கு இன்னும் கீழ். தாய், தந்தை இருவரில் தாழ்ந்த தரம் எதுவோ அதுவே குடும்பத்தின் தரம். வேலை கிடைக்கக் காப்பகம் வேண்டும், காப்பகம் கிடைக்க வேலை வேண்டும். இந்த முடிச்சில்தான் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இன்னொரு முடிச்சு வயது. பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து குழந்தைக்கு ஒரு வயதாகும்போது சேர்க்கலாம் என்று நினைத்தால், அந்த வகுப்பில் பெரும்பாலான இடங்கள் முந்தைய ஆண்டு சேர்ந்த பச்சிளங்குழந்தைகளோடு ஏற்கனவே நிரம்பியிருக்கும். அதனால் சட்டம் தந்த விடுப்பைக்கூடச் சுருக்கிக்கொண்டு, ஆறேழு மாதத்துக் குழந்தையைச் சேர்க்கத் தாய்மார்கள் ஓடினார்கள்.

சரி, இடங்களைக் கூட்டிவிட்டால் போதாதா? அங்கேயும் தடை. அன்றைய தேசிய விதிப்படி, ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு காப்பாளர், 1, 2 வயதில் ஆறு பேருக்கு ஒருவர், 3 வயதில் இருபது பேருக்கு ஒருவர், அதற்கு மேல் முப்பது பேருக்கு ஒருவர். தவழும் குழந்தைக்கு 3.3 சதுர மீட்டர், இரண்டு வயதுக்கு மேல் 1.98 சதுர மீட்டர் அறை. விளையாட்டுத் திடலுக்குப் பதில் அருகிலுள்ள பூங்காவைக் காட்டலாம். ஆக, கூட்ட வேண்டியது சிறு குழந்தைகளின் இடங்களை, ஆனால் ஆளும் இடமும் அதிகம் விழுங்குவது அந்த வயதுதான். யோக்கோஹாமா மேடும் பள்ளமுமான ஊர். ரயில் நிலையத்தருகே தட்டையான நிலம் கிடைப்பது அரிது. மலைச்சரிவில் காப்பகம் கட்டினால், குழந்தையை விட்டுவிட்டு மீண்டும் நிலையத்துக்கு வந்து டோக்கியோ வண்டியைப் பிடிக்கிற தாய்க்கு அது பயன்படாது. இதனால்தான் வடக்கே கோஹோக்கு போன்ற வார்டுகளில் வரிசை நீண்டிருந்தபோதே வேறு இடங்களில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

ஹயாஷியின் நிர்வாகம் முதலில் கட்டியது. மூன்று ஆண்டில் 10,000-க்கும் மேற்பட்ட இடங்கள் கூடின. பல நகரங்கள் சமூகநல அறக்கட்டளைகளுக்கு மட்டுமே கதவைத் திறந்து வைத்திருந்த காலத்தில், யோக்கோஹாமா நிறுவனங்களையும் உள்ளே விட்டது. 2013-இல் உரிமம் பெற்ற காப்பகங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றை நிறுவனங்கள் நடத்தின. நிலம் வைத்திருப்பவர்களையும் காப்பகம் நடத்த விரும்புகிறவர்களையும் நகராட்சியே இணைத்து வைத்தது. 1997-லிருந்தே நகராட்சி தன் சொந்தத் தரத்தில் அங்கீகரித்து வந்த “யோக்கோஹாமா காப்பறை” என்ற சிறு காப்பகங்களுக்கும், பாலர் பள்ளிகள் மாலை வரை குழந்தைகளை வைத்திருப்பதற்கும் உதவித்தொகை போனது.

கட்டடம் எந்த மேயரும் கட்டுவார். ஹயாஷிக்கே உரியது 2011-இல் வார்டு அலுவலகங்களில் வந்து அமர்ந்த “காப்பகக் கான்சியர்ஜ்”. ஹோட்டல் முகப்பில் விருந்தினருக்கு வழிசொல்பவரின் பெயரை நகராட்சி ஊழியருக்கு வைத்தது அவருடைய தொழில் மனது. பெற்றோர் வந்ததும் இவர்கள் விண்ணப்பப் படிவத்தை நீட்டுவதில்லை. வேலை எத்தனை மணிக்கு, எந்த நிலையம் வழியாகப் போகிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள், பாட்டி உதவுவாரா என்று கேட்பார்கள். வாரம் மூன்று நாள் வேலை என்றால் தற்காலிகக் காப்பகம் போதும். மூன்று வயதானால் மாலை வரை வைத்துக்கொள்ளும் பாலர் பள்ளி இருக்கிறது. இடமில்லை என்ற கடிதம் போன பிறகும் விடுவதில்லை. அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, இன்ன இடத்தில் காலி இருக்கிறது, உங்கள் வழியில்தான் வருகிறது என்பார்கள். இதைப் படிக்கும்போது நாளுக்கு நூறு வீட்டுக் கதவைத் தட்டிய விற்பனையாளர் நினைவுக்கு வராமல் போகாது. மொத்தக் கணக்கில் பற்றாக்குறையாகத் தெரிந்ததில் ஒரு பகுதி உண்மையில் பொருத்தக் கோளாறு. அதை ஒவ்வொரு வீடாகப் பேசித்தான் சரிசெய்ய முடியும்.

1,552 அடுத்த ஆண்டு 971 ஆனது, பிறகு 179, பிறகு சுழியம். 2013 வசந்தத்தில் பிரதமர் அபே “யோக்கோஹாமா முறை”யை நாடெங்கும் கொண்டுபோவோம் என்று அறிவித்தார்.

அந்தச் சுழியத்தை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. அதே நாளில், கேட்ட காப்பகம் கிடைக்காத குழந்தைகள் 1,746 பேர் இருந்தார்கள். காப்பறை போன்ற மாற்று ஏற்பாட்டில் இருப்பவர்கள், தாயோ தந்தையோ விடுப்பை நீட்டிக்கொண்டவர்கள், வீட்டிலிருந்து வேலை தேடுபவர்கள், அருகில் வேறு இடமிருந்தும் குறிப்பிட்ட ஒரு காப்பகத்துக்காகவே நின்றவர்கள் ஆகியோரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை என்று அன்றைய அரசு வரையறை இடம் தந்தது. நகராட்சி 1,746-ஐ மறைக்கவில்லை, வெளியிட்டது. தலைப்புச் செய்தியில் இடம் பிடித்ததோ சுழியம். இடம் கிடைக்குமென்று தெரிந்ததும் அதுவரை விண்ணப்பிக்காதவர்களும் விண்ணப்பித்தார்கள். 2014-இல் எண் மீண்டும் 20 ஆனது. அது கொள்கையின் தோல்வி அல்ல. வேலைக்குப் போக முடியாது என்று கைவிட்டிருந்த பெண்கள் வரிசைக்குத் திரும்பிய அடையாளம் அது. எந்த ஊர் இதைச் செய்தாலும் இரண்டாம் ஆண்டில் எண் ஏறும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

நடுநிலைப் பள்ளி மதிய உணவில் இதே அணுகுமுறை சறுக்கியது. ஜப்பானின் பெரும்பாலான ஊர்களில் நகராட்சிப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே உணவைச் சேர்ந்து உண்பார்கள். யோக்கோஹாமாவின் நடுநிலைப் பள்ளிகளில் அன்று அது இல்லை. 2016-இல் வந்த “ஹாமா-பென்” வேண்டியவர் முன்பதிவு செய்து வாங்கும் பெட்டி உணவு. விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம் என்பது வாடிக்கையாளருக்கு நல்லது. வகுப்பில் இரண்டு பேர் மட்டும் அந்தப் பெட்டியைத் திறந்தால் மற்றப் பிள்ளைகள் வாங்க மாட்டார்கள். 20 சதவீதம் என்ற இலக்குக்கு வெகு கீழேயே நின்றது. 2021 ஏப்ரலில் அதைச் சட்டப்படியான பள்ளி உணவாக மாற்ற வேண்டியதாயிற்று.

இனி சூதாட்ட விடுதி. யோக்கோஹாமாவாசிகளில் பலர் டோக்கியோவில் உழைத்து இங்கே உறங்குபவர்கள். மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் நிறுவன வரி வருவதில்லை. முதியோர் கூடுகிறார்கள். ஹோட்டல், மாநாட்டு அரங்கு, கேசினோ சேர்ந்த ஒருங்கிணைந்த ஓய்விட வளாகம் வந்தால் நகராட்சிக்கு ஆண்டுக்கு 8,200 கோடி முதல் 12,000 கோடி யென் வரை வரும் என்று நகராட்சி கணக்குக் காட்டியது. இடம் யமஷிதா துறைமேடை, 47 ஹெக்டேர். 2018 சட்டப்படி நாடு முழுவதும் அதிகபட்சம் மூன்று வளாகங்கள். கேசினோ தளம் மொத்தப் பரப்பில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உள்நாட்டவர் நுழைய 6,000 யென் கட்ட வேண்டும்.

ஹயாஷி முதலில் இதில் ஆர்வம் காட்டியவர். 2017 தேர்தல் நெருங்கியபோது “வெற்றுத்தாள்” என்றார், அதாவது எந்த முடிவும் இல்லை. மூன்றாம் முறை வென்றார். 2019 ஆகஸ்ட் 22 அன்று வளாகத்தைக் கொண்டுவர முயல்வோம் என்று அறிவித்தார். கேசினோவை ஏற்கலாமா என்ற கேள்வியைவிட, ஓட்டுக் கேட்டபோது சொல்லவில்லையே என்ற கோபமே பெரிதாக எழுந்தது. துறைமுக வணிகர்களின் மூத்த தலைவர் யுகியோ ஃபுஜிகி வெளிப்படையாக எதிர்த்தார். வார்டு வார்டாக விளக்கக் கூட்டங்கள் நடந்தன. 12 வார்டுகளோடு கொரோனாத் தொற்றுக் காலம் அதை நிறுத்தியது. வீட்டு வாசலில் கேட்டுப் பழகியவர், இந்தக் கூட்டங்களில் விளக்குபவராக மட்டும் நின்றார்.

ஜப்பானில் மக்களுக்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று பதவிநீக்கக் கோரிக்கை. யோக்கோஹாமா அளவுக்கு ஏறக்குறைய 4.9 லட்சம் கையெழுத்து வேண்டும், இரண்டு மாதத்துக்குள். அந்த முயற்சி தோற்றது. மற்றொன்று வாக்கெடுப்பு நடத்த ஒரு சட்டம் கோருவது. அதற்கு வாக்காளரில் 50-இல் ஒரு பங்கு, அதாவது 62,500 அளவு, போதும். அன்றைய விதிப்படி கையெழுத்தோடு முகவரி, பிறந்த தேதி, முத்திரையோ விரல் ரேகையோ இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று விடுபட்டால் செல்லாது. 2020 செப்டம்பர் தொடங்கி இரண்டு மாதம், முகமூடி அணிந்து தெருவில் நின்று, செல்லத்தக்கவை மட்டும் 1,93,193 சேர்த்தார்கள். தேவையைப் போல மூன்று மடங்கு.

ஆனால் இந்தக் கருவியில் ஒரு ஓட்டை உண்டு. கையெழுத்து எத்தனை சேர்ந்தாலும் அது கோரிக்கைதான். மேயர் தன் கருத்தை இணைத்து மன்றத்துக்கு அனுப்புவார், மன்றம் தள்ளுபடி செய்யலாம். வாக்கெடுப்பு நடந்தால் முடிவை மதிப்பேன் என்று 2020 அக்டோபரில் ஹயாஷி சொல்லியிருந்தார். 2021 ஜனவரியில் மன்றத்துக்கு அனுப்பியபோது, வாக்கெடுப்பு நடத்துவதில் பொருள் காண்பது கடினம் என்று எழுதினார். ஜனவரி 8 அன்று மன்றம் அதைத் தள்ளியது. அவருடைய பன்னிரண்டு ஆண்டுகளில் நான் மன்னிக்க முடியாத ஒரே தருணம் இது. கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவரிடம், இதைக் கேளுங்கள் என்று கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர் பெயரெழுதிக் கொடுத்தார்கள்.

இதற்கிடையே 2020 மே மாதத்திலேயே லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கேசினோ நிறுவனம் ஜப்பானில் வளாகம் கட்டும் முயற்சியிலிருந்து விலகியிருந்தது. 2021 மேயர் தேர்தலில் பிரதமர் சுகா ஆதரித்த ஹச்சிரோ ஒகோனோகி, அமைச்சர் பதவியை விட்டு வந்து, கேசினோ வேண்டாம் என்றே போட்டியிட்டார். ஆளுங்கட்சியின் நகர மன்ற உறுப்பினர்கள் பிளவுபட்டார்கள். எட்டு வேட்பாளர்கள். வாக்குப்பதிவு நாள் 2021 ஆகஸ்ட் 22, கேசினோ அறிவிப்பு வந்து சரியாக இரண்டு ஆண்டு. 2013-இல் 29.05 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு இப்போது 49.05. யோக்கோஹாமா நகரப் பல்கலைக்கழகத்தில் தரவு அறிவியல் பேராசிரியராக இருந்த டகேஹாரு யமனாக்கா ஐந்து லட்சம் வாக்குகளைத் தாண்டினார். ஒகோனோகிக்கு மூன்றேகால் லட்சம். ஹயாஷிக்கு இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

செப்டம்பர் 10 அன்று புதிய மேயர் கேசினோ முயற்சியைக் கைவிடுவதாக மன்றத்தில் அறிவித்தார். காப்பகக் கான்சியர்ஜ்களை அவர் கலைக்கவில்லை. 18 வார்டு அலுவலகங்களிலும் அவர்கள் தொடர்ந்து அமர்ந்தார்கள்.